கடன் விண்ணப்பத்தை ஏஐ பார்த்தால் பொறுப்பு யாருக்கு?

சரி, அடுத்த கேள்வி சுன்னாகத்திலிருந்து வந்திருக்கிறது. கேட்கிற அண்ணா ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறாராம். வாசிக்கிறேன்: "கடிதம் எழுதவும் கடன் விண்ணப்பங்களைச் சுருக்கிப் பார்க்கவும் ஏஐ பாவிக்கிறோம். ஆனால் கடன் கிடைக்க எடுக்கிற நாள் குறையவில்லை. இனி விண்ணப்பங்களுக்குப் புள்ளி போடுகிற மென்பொருளும் வாங்குவோம் என்கிறார் தலைவர். பிழை நடந்தால் யார் பொறுப்பு? நிர்வாகத்தில் எதை மாற்ற வேண்டும்?"

முதலில் நாள் ஏன் குறையவில்லை என்று பார்ப்போம் அண்ணா. உறுப்பினர் படிவம் தருகிறார். இலிகிதர் பார்க்கிறார். பிணையாளியின் கையொப்பமோ சம்பளச் சான்றோ குறைந்தால் திருப்பி அனுப்புகிறார். எல்லாம் சரியென்றால் முகாமையாளர் மேசை, அதன் பிறகு கடன் குழு. குழு மாதத்தில் ஒருமுறைதான் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏஐ எதை மிச்சம் பிடித்தது? இலிகிதர் குறிப்பு எழுதுகிற அரை மணித்தியாலத்தை. அந்தக் கோவை குழுவின் கூட்டத்துக்காக மூன்று கிழமை காத்திருந்தது அப்படியே இருக்கிறது. தோட்டத்தில் மோட்டாரைப் பெரிதாக்கிவிட்டு வாய்க்காலைப் பழைய அளவிலேயே விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஏஐயை எந்த மேசையில் வைக்கலாம் என்று யோசிக்க முதல், எந்த மேசை தேவை என்று யோசியுங்கள். குறைபாடுள்ள படிவத்தை உறுப்பினர் கவுண்டரில் நிற்கும்போதே கண்டுபிடிக்க முடிந்தால், திருப்பி அனுப்புகிற கட்டமே இல்லாமல் போகும். ஏஐக்கு அது நல்ல வேலை, ஆபத்தும் குறைவு. சிறிய கடன்களை, ஒரு தொகை வரைக்கும், முகாமையாளரும் ஒரு குழு உறுப்பினரும் சேர்ந்து கிழமைக்கு ஒருமுறை முடிக்கலாம் என்று குழு அதிகாரம் கொடுத்தால், உங்கள் உபவிதிகள் அதற்கு இடம் தந்தால், நாள் உடனே குறையும். கவனியுங்கள், இந்த இரண்டாவது மாற்றத்துக்கு ஏஐயே தேவையில்லை! பல இடங்களில் உண்மை நிலை இதுதான், மென்பொருள் விற்க வருகிறவர் மட்டும் இதைச் சொல்ல மாட்டார்.

இனி பொறுப்பு. கனடாவில் ஒரு வழக்கு நடந்தது. எயார் கனடாவின் இணையத்தளத்தில் இருந்த அரட்டை இயந்திரம், உறவினர் இறந்ததற்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவலைக் கொடுத்துவிட்டது. விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, அந்த இயந்திரம் சட்டப்படி தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற பாணியில் நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 812 கனேடிய டொலர் கட்டச் சொன்னது. தொகை சிறியதுதான், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. உறுப்பினருக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியது சங்கம். விற்றவரும் அல்ல, மென்பொருளும் அல்ல.

சங்கத்துக்குள்ளே யார் என்பதுதான் கடினம். "கடைசியில் முகாமையாளர் பார்த்துக் கையொப்பம் வைப்பார்தானே" என்று எல்லோரும் சொல்வார்கள். நாற்பது விண்ணப்பங்களுக்கு இயந்திரம் புள்ளி போட்டு வைத்திருக்கிறது, பின்னேரம் நாலு மணி, வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். அவர் எதைப் பார்ப்பார்? புள்ளியைப் பார்ப்பார், கையொப்பம் வைப்பார். 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் ஆட்களின் கடன் தகுதியை மதிப்பிடுகிற ஏஐயை உயர் ஆபத்து வகையில் வைக்கிறது. மேற்பார்வை செய்கிறவர் இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பிவிடுகிற போக்கைத் தெரிந்திருக்க வேண்டும், அது சொன்னதை ஒதுக்கவும் மாற்றவும் அவருக்கு முடிய வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அந்த எண்ணத்தைக் கடன் வாங்கலாம், வட்டி இல்லை.

கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள்: புள்ளி ஒரு தகவல் மட்டுமே, அதை வைத்து மட்டும் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்க முடியாது. நிராகரிக்கிறவர் தன் பெயரோடு காரணத்தைத் தன் சொந்த வசனத்தில் கோவையில் எழுத வேண்டும். இயந்திரத்துக்கு எதிராக முடிவெடுத்தவரைப் பிறகு யாரும் "ஏன் கேட்கவில்லை" என்று நெருக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒருவரும் எதிராகப் போக மாட்டார்கள். நம் ஊர் அலுவலகங்களில் இந்தக் கடைசி விஷயம்தான் முதலில் கைவிடப்படும் என்பது என் அபிப்பிராயம்.

இது வீண் பயமில்லை. நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணத்தில் மோசடி பிடிக்க வரித்துறை பாவித்த ஆபத்து மதிப்பீட்டில், ஆள் அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் ஒரு அளவுகோலாக இருந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அநியாயமாக மோசடிக்காரராக்கப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசாங்கமே பதவி விலகியது. உங்கள் மென்பொருள் விலாசத்தைப் பார்த்துப் புள்ளி குறைத்தால், பல தடவை இடம்பெயர்ந்து விலாசம் மாறிய குடும்பங்கள் நம்மிடம் எத்தனை? விற்க வருகிறவரிடம் அதை நேரே கேளுங்கள்.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முழுக்கத் தானியங்கியாக எடுத்த, ஒருவரின் உரிமைகளை மீள முடியாதபடி தொடர்ந்து பாதிக்கிற முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கிற உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. அமுலாக்கம் தள்ளிப்போனது உண்மைதான், ஆனால் மேன்முறையீட்டை யார் கேட்பது என்பதை இப்போதே முடிவு செய்தால் பிறகு ஓடித்திரிய வேண்டியதில்லை.

வாங்குவதா வேண்டாமா என்றால், இப்போது வாங்க வேண்டாம். ஏற்கனவே கட்டி முடிந்த, கட்டாமல் நின்ற பழைய கடன்களின் கோவைகளைப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நீக்கிக் கொடுத்து, அது என்ன புள்ளி போடுகிறது என்று பாருங்கள். விடை உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஒன்று மட்டும்: பழைய கோவைகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். மாற்றாமல் கொடுத்தால் அது குழம்பிப் போய் ஏதாவது புள்ளி போடும், நீங்கள் அதை மதிப்பீடு என்று நினைப்பீர்கள்.