சாகாத் தண்ணீரும் சுவரில் மாட்டிய படமும்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலை ஒன்றில் ஜூன் 19, வாசிப்பு நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதிக் காலம் கழித்தவன். லிட்டரும் கொழுப்பும் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், இலக்கியம் பேசிப் பழக்கமில்லை. லைப்ரரி மாஷ் விடவில்லை. "படிச்ச புஸ்தகம் ஒண்ணைப் பத்திச் சொல்லுங்க, அது போதும்" என்றார். சரி என்றேன்.

இன்று பி.என். பணிக்கரின் நினைவு நாள். 1945-இல் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கி, கேரளம் முழுக்க ஊர் ஊராக வாசகசாலை திறக்க வைத்தவர். 1995 ஜூன் 19-இல் காலமானார். ஒருவர் செத்துப்போன நாளில் பந்தல் போட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். நான் சொல்ல வந்த புத்தகமும் சாவைப் பற்றியதுதான்.

'டக் எவர்லாஸ்டிங்' என்று பெயர். நாட்டலி பாபிட் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி 1975-இல் வந்தது. கோயம்புத்தூரில் படிக்கும் என் பேத்தி லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனாள். சின்னப் புத்தகம், 150 பக்கம்கூட வராது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முடிக்க நாலு மாதம் ஆயிற்று.

கதை இது. ஒரு காட்டில் பெரிய மரத்தடியில் ஊற்று. வழிப்போக்கில் வந்த டக் குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், அதில் தண்ணீர் குடிக்கிறது. அவர்களுடைய குதிரையும் குடிக்கிறது. பூனை மட்டும் குடிக்கவில்லை. அப்புறம் மரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தவன் எழுந்து நடக்கிறான். குதிரை மேல் குண்டு பாய்கிறது, தழும்புகூட இல்லை. யாருக்கும் வயது ஏறவில்லை. பூனை மட்டும் காலம் வந்ததும் செத்துப்போகிறது.

எனக்குப் பிடித்துப்போனது இந்தப் பூனைதான். சுற்றி இருக்கிற அத்தனை பேரும் அப்படியே நிற்கும்போது, ஒரு பூனை கிழடு தட்டிப் போய்ச் சேருகிறது. அதை வைத்துத்தான் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் சொசைட்டியில் ஒரு கேன் மட்டும் கெட்டுப்போனால் அதில் என்ன குறை என்று பார்ப்போம். இங்கே தலைகீழ். கெட்டுப்போனதுதான் சரியான கேன்.

மூத்த மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். வருஷம் போகப் போகப் பெண்டாட்டிக்கு வயதாகிறது, இவனுக்கு இல்லை. பிசாசுக்கு ஆன்மாவை விற்றுவிட்டான் என்று பயந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இந்த இடத்தைப் புத்தகம் நாலு வரியில் தாண்டிப் போகிறது. நான் இரண்டு நாள் அதிலேயே நின்றேன். சலிப்புதான் சாகாவரத்தின் தண்டனை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவன் இலை மட்டும் எடுக்கப்படாமலே கிடந்தால் எப்படி இருக்கும்? எல்லோரும் கை கழுவப் போயாயிற்று.

விருந்தாளி வெளியே நிற்க, உள்ளே தனியாகத் தின்பது சாவா மருந்தாகவே இருந்தாலும் வேண்டாம் என்பது குறள். அந்தக் கணக்கில் டக் குடும்பம் செய்தது தப்பு. ஊற்றை மறைத்து வைத்தார்கள், யாருக்கும் ஒரு சொட்டு கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் மறைத்தது கருமித்தனத்தால் அல்ல, இரக்கத்தால். வள்ளுவரிடம் இந்த வழக்கைக் கொண்டுபோனால் என்ன தீர்ப்புச் சொல்வாரோ.

மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவன் வருகிறான். காட்டை வளைத்துப் போட்டு அந்தத் தண்ணீரை விற்கத் திட்டம் போடுகிறான். நம் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? பிளாச்சிமடை கூப்பிடு தூரம். கிணறு கெட்டு, மயிலம்மா முன்னால் நின்று போராடி, 2004 மார்ச்சில் கொக்கோ கோலா ஆலை நின்ற கதையை நாம் கண்ணால் பார்த்தவர்கள். சாதாரணத் தண்ணீருக்கே அந்தப் பாடு.

கிழவர் டக், அவர்கள் ரகசியம் தெரிந்துவிட்ட பத்து வயதுச் சிறுமி வின்னியைப் படகில் கூட்டிப்போய்ப் பேசும் இடம் புத்தகத்திலேயே அழகானது. தண்ணீர் கடலுக்குப் போகிறது, மேகமாகிறது, மழையாகத் திரும்புகிறது, நாங்கள் மட்டும் சிக்கிக்கொண்ட இந்தப் படகு என்கிறார். நம் சோகநாசினி ஆறும் ஆனைமலையில் பிறந்து, பாரதப்புழையில் சேர்ந்து, பொன்னானியில் கடலைத் தொடுகிறது. என்ன, ஏப்ரலில் வந்து பார்த்தால் டக் பேச்சை மாற்றியிருப்பார். ஆளியாறு அணையில் தண்ணீர் விட்டால்தான் நமக்கு ஆறு.

ராயிரநல்லூர் மலையில் துலாம் மாதம் ஒன்றாம் தேதி ஏறியவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த மலையில் கல் உருட்டிய பைத்தியக்கார ஞானி நாராணத்துப் பிராந்தனிடம் சுடுகாட்டில் காளி வந்து வரம் கேள் என்கிறாள். என் சாவை ஒரு நாள் தள்ளி வை என்கிறான். முடியாது. சரி, ஒரு நாள் முன்னால் கொண்டுவா. அதுவும் முடியாது. அப்படியானால் இந்தக் காலில் இருக்கும் யானைக்காலை அந்தக் காலுக்கு மாற்று என்கிறான், அவளும் மாற்றிவிட்டுப் போகிறாள். சின்ன வயதில் இதற்குச் சிரித்தேன். டக் கிழவர் துப்பாக்கியைத் தன் நெஞ்சுக்கே வைத்துச் சுட்டும் சாகாமல் எழுந்து உட்காரும் இடத்தைப் படித்தபோதுதான் பிராந்தன் கேட்ட இரண்டாவது வரம் உறைத்தது. முன்னால் கொண்டுவா என்று அவன் கேட்டது விளையாட்டுக்கு அல்ல போலிருக்கிறது.

இளைய மகன் ஜெஸ்ஸி 17 வயதில் குடித்தவன். பிறந்து 104 வருஷம் ஆகியும் 17தான். வின்னியிடம் ஒரு சீசாவில் அந்தத் தண்ணீரைக் கொடுத்து, உனக்கும் 17 ஆகும்போது குடி, என்னோடு வா என்கிறான். அவள் அதை ஒரு தேரை மேல் ஊற்றிவிடுகிறாள். பிறகு 1950-இல் டக் தம்பதி ஊருக்கு வந்து கல்லறையைப் பார்க்கிறார்கள். வின்னி, 1870 முதல் 1948 வரை. அன்பு மனைவி, அன்புத் தாய்.

இங்கேதான் எனக்கும் புத்தகத்துக்கும் சண்டை. சாவும் வாழ்க்கையின் ஒரு பாகம் என்று சொல்வது 78 வயது வாழ்ந்தவளின் கல்லறை முன்னால் நியாயமாகத்தான் இருக்கிறது. என் அக்கா 1974-இல், மழைக்காலத்துக் காய்ச்சலில், நாலே நாளில் போனாள். வயது 17. எனக்கு 12. அவளிடம் போய் இந்தச் சக்கரக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு அந்தச் சீசா என் கையில் கிடைத்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன், பாதியை அவள் வாயில் ஊற்றியிருப்பேன். டக் குடும்பம் படும் பாடெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன்.

நூலாசிரியர் வின்னி மனைவியான, தாயான அத்தனை வருஷங்களையும் எழுதாமல் விட்டுவிட்டார். கல்லில் நாலு சொல், அவ்வளவுதான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அந்த வெற்றுப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா படம் இருக்கிறது. தாவணி, ரெட்டைச் சடை, சித்தூர் ஸ்டூடியோவில் எடுத்தது. எனக்கு முடி நரைத்து, பல் கட்டி, பேரப்பிள்ளைகள் எடுத்தாயிற்று. அவள் ஜெஸ்ஸி மாதிரி அங்கேயே நிற்கிறாள்.

புத்தகத்தை விட்டுவிட்டுப் போன அதே லீவில் பேத்தி அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டாள், "தாத்தா, இந்த அக்கா யாரு?"

முறைக்கு அவளுக்குப் பாட்டி. சொல்ல வாயெடுத்தேன்.

"அக்காதான், கண்ணு" என்றேன்.