எலிகளுக்கு ஒரு பொதுப் பெட்டகம்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, கால்நடை மருத்துவப் பேராசிரியப் பெருமக்களே, நாள் முழுக்க ஆய்வகக் கூண்டுகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருக்கும் ஊழியத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே கடைசி வரை இருக்கிறேன் என்று சொன்ன துணைவேந்தருக்குத் தனியாக ஒரு நன்றி. கூண்டு ஊழியர்களை அழைத்து நடுவில் உட்கார வைத்த விழாக் குழுவுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

இனப்பெருக்க ஸ்டெம் செல்லை, அதாவது தானும் பெருகி விந்தணுவையும் உண்டாக்கும் மூலச் செல்லைக் கொண்டு மரபணு மாற்றிய ஆய்வக விலங்குகளை உருவாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: அந்தச் செல் என்ன செய்கிறது, அதை வைத்து விலங்கை எப்படி உண்டாக்குகிறார்கள், சட்டம் இதில் எங்கே நிற்க வேண்டும்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பார்கள். ஆண் எலியின் விதைப்பைக்குள் நடப்பதும் அதுதான். உள்ளே நுண்குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. குழாயின் சுவரை ஒட்டி ஸ்டெம் செல்கள் தமக்கென்று இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. சுண்டெலியில் பத்தாயிரம் செல்லுக்கு இரண்டு மூன்றுதான் தேறும். அந்தச் சிலவற்றால்தான் ஆயுள் முழுக்க விந்தணு ஊறுகிறது.

1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர் ஒரு சுண்டெலியின் செல்களை எடுத்து, மெல்லிய கண்ணாடி ஊசியால், இன்னொரு மலட்டுச் சுண்டெலியின் நுண்குழாய்க்குள் செலுத்தினார்கள். செலுத்தியது குழாயின் நடுவில். வழி காட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? ஆனாலும் செல்கள் சுவர்ப்பக்கம் நகர்ந்து, விந்தணுவை வளர்த்துத் தாங்குகிற, நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் செர்டோலி செல்களுக்கு இடையே புகுந்து, காலியாகக் கிடந்த இடத்தில் போய் அமர்ந்தன. நீலச் சாயம் ஏற்கும்படி அடையாள மரபணு வைத்த செல்கள் அவை. சாயம் ஏற்றிப் பார்த்தால் குழாய்களில் நீளநீளமாய் நீலம்! அந்த மலட்டுச் சுண்டெலி குட்டிகளுக்குத் தகப்பன் ஆனது. குட்டிகளின் மரபு செல் கொடுத்தவனுடையது.

அதோடு விட்டார்களா? 1996-இல் எலியின் செல்லை எடுத்துச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு இனம், ஒரு கோடி ஆண்டுக்கு மேலாகப் பிரிந்து போனவை. உடல் தள்ளிவிடுமே என்று எதிர்ப்புச் சக்தி குன்றிய சுண்டெலியைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால், சுண்டெலியின் விதைப்பைக்குள் எலியின் விந்தணு! நீண்ட வால், எலிக்கே உரிய தலை. அப்புறம் இன்னொன்றைக் கவனித்தார்கள். விந்தணு முதிரச் சுண்டெலிக்குச் சுமார் 35 நாள், எலிக்கு 52 நாள் ஆகும். சுண்டெலிக்குள் குடியேறியும் எலியின் செல் எலியின் நாள்கணக்கை விடவில்லை. 2006-இல் கியோட்டோவில் ஷினோஹரா குழுவினர், சுண்டெலிக்குள் விளைந்த அந்த விந்தணுவை எலியின் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தி, உயிருள்ள எலிக்குட்டிகளையே பிறக்க வைத்தார்கள்.

சரி, மரபணு மாற்றம் எங்கே வருகிறது? 2003-இல் அதே கியோட்டோவில் இந்தச் செல்களைக் கிண்ணத்தில் மாதக்கணக்கில் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். கிண்ணத்திலேயே மரபணுவைத் திருத்தி, சரியாகத் திருந்திய செல்லை மட்டும் பெருக்கி, விதைப்பைக்குள் வைக்கலாம்; அதில் விளையும் விந்தணு வழியாகத் திருத்தம் குட்டிக்குப் போய்ச் சேரும். கருவில் நேராகத் திருத்தினால் உடலின் ஒரு பகுதி மாறி ஒரு பகுதி மாறாத கலப்புக் குட்டிகள் பிறப்பதுண்டு. இங்கே வடிகட்டும் வேலை விலங்கு பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 1959-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் ஆய்வுக்கு விலங்கைக் குறையுங்கள் என்றார்களே, அதற்கு இது நல்ல கருவி.

ஆனால் நம் ஆய்வகங்கள் செய்வது என்ன? 'எலி வளையானாலும் தனி வளை.' ஒருவர் மரபணு மாற்றி உருவாக்கிய எலி வகையையே இன்னொருவர் மறுபடி உருவாக்குகிறார். மாற்றத்தை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கும் ஜோடியைச் சேர்த்தால், நாலில் ஒரு குட்டிக்குத்தான் அது இரட்டையாகக் கிடைக்கும். மற்ற மூன்றின் கதி? அந்தக் கூண்டைத் திறக்கும் ஊழியரைக் கேளுங்கள், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தச் செல்கள் உறைநிலையைத் தாங்குபவை. 14 ஆண்டு உறைந்து கிடந்த சுண்டெலிச் செல்லிலிருந்து குட்டிகள் பிறந்ததை 2012-இல் பிரின்ஸ்டர் குழுவே காட்டியது. அப்படியிருக்க, ஒரு வகை அழியாமல் இருக்க மட்டுமே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் எலி வளர்ப்பது ஏன்? 1947-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் காட்டுத்தீயில் எரிந்து சுண்டெலிகள் கூட்டமாக மாண்டன. மறுபடி எழுந்தது எதனால்? முன்பு மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த வகைகள் திரும்பி வந்ததால். தனி வளையிலேயே பூட்டி வைத்திருந்தால் எல்லாம் சாம்பல்தான்.

ஆகவே மேடைக்கு மேடை கேட்பதை இங்கும் கேட்கிறேன். புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு வகையின் ஸ்டெம் செல்லோ விந்தணுவோ பொது உறைபெட்டகத்தில் சேர வேண்டும். சேர்த்த ரசீது காட்டாதவருக்கு ஆய்வு நிதியின் கடைசித் தவணையைத் தரக் கூடாது. புதிய வகை உருவாக்க அனுமதி கேட்பவர், பெட்டகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். துணைவேந்தர் அவர்களே, இதை உங்கள் நெறிமுறைக் குழுவிலேயே தொடங்கலாம். இதைக் கேட்கும் தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைக் கூண்டு ஊழியர்கள் போடட்டும். நன்றி, வணக்கம்.