ஆத்துல போட்டாலும் அளந்து போடு: ஊக்கு மோட்டார் பத்தி மஞ்சக்குப்பத்துல பேசுனது

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்குற பெரியவங்க யாரையாவது சொல்லாம விட்டுட்டா பந்தியில வந்து கேப்பாங்க, அதனால முதல்ல அதை முடிச்சிடறேன். தலைமை தாங்குற தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்குற வார்டு கவுன்சிலர் அண்ணன் அவர்களே (லேப் கூரை ஒழுகுதுன்னு சொன்னதும் ஷீட்டு போட்டுக் குடுத்தாரு, ஒரு கைத்தட்டு குடுங்க), வியாபாரிகள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பிஸிக்ஸ் சார் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரங்களே, வெயில்ல வந்து மைக் கட்டுன தம்பியே. சங்கத் தலைவர் ஐயா எனக்கு பொன்னாடை போத்துனாரு, அதுக்கு நன்றி, ஆனா அந்த காசுக்கு வோல்டேஜ், தடை எல்லாம் அளக்குற ஒரு மல்டிமீட்டர் வாங்கி பள்ளிக்கூடத்துக்கு குடுத்திருக்கலாம்னு நான் சொன்னா கோச்சுக்கக் கூடாது. (சிரிப்பு)

இங்க மேசை மேல பசங்க செஞ்சது இருக்கு பாருங்க. ஒரு பேட்டரி செல்லு, ரெண்டு ஊக்கு, கீழ பழைய ஸ்பீக்கர்ல கழட்டுன காந்தம், மேல எனாமல் கம்பியில சுத்துன வளையம். ஒரு தட்டு தட்டி விட்டா சுத்துது, எல்லாரும் கைதட்டுறோம். சரி, ஏன் சுத்துது, எவ்ளோ பலத்துல சுத்துதுன்னு கேட்டா அத்தனை பேரும் பிஸிக்ஸ் சார் மூஞ்சியைப் பாக்குறாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க ஆத்தா சொல்லும், பென்னையாத்துக்கும் கெடிலத்துக்கும் நடுவுல இருக்குற ஊருக்காரங்க நமக்கு அது தெரியாம இருக்கலாமா?

நாலு விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு கம்பியோட தடை, அதாவது கரண்டு ஓடறதை அது எவ்ளோ தடுக்குதுன்னு, ரெண்டு கரண்டு, மூணு காந்த பலம், நாலு அது சுத்தும்போது தானே உண்டாக்குற எதிர் வோல்டேஜ். நாலாவதுதான் ரொம்ப சுவாரசியம், அதை கடைசியில வச்சிக்கறேன்.

முதல்ல கம்பி. இது 26 கேஜ், அதாவது குறுக்களவு கிட்டத்தட்ட 0.46 மில்லிமீட்டர். வளையம் ரெண்டரை சென்டிமீட்டர் அகலம், 20 சுத்து. ஒரு சுத்துக்கு 7.85 சென்டிமீட்டர்னா மொத்தம் 1.57 மீட்டர் கம்பி. செம்போட தடைத்திறனை நீளத்தால பெருக்கி கம்பியோட குறுக்குப் பரப்பால வகுத்தா 0.16 ஓம் வருது, அவ்ளோதான், ஒரு ஓம்ல ஆறுல ஒரு பங்கு. இதை சாதா மல்டிமீட்டர்ல அளக்கப் போனா மீட்டரோட ரெண்டு வயருக்கே அதைவிட ஜாஸ்தி தடை இருக்கும், முள்ளு தப்பா காட்டும், அதனால கம்பிய அளந்து கணக்கு போடறதுதான் நம்பகமான வழி.

இப்ப கரண்டு. 1.5 வோல்ட்டை 0.16 ஆல வகுத்தா ஒன்பது ஆம்பியருக்கு மேல வருதேன்னு ஒரு பையன் சந்தோஷப்பட்டான், அந்த சின்ன செல்லு பாவம்டா! செல்லுக்கு உள்ளயே தடை இருக்கு, ஊக்கும் கம்பியும் தொடுற இடத்துல தடை இருக்கு, ரெண்டும் சேந்து அரை ஓம்னு வைங்க, மொத்தம் 0.66, அப்ப கரண்டு ரெண்டே கால் ஆம்பியர் சுமாரு. சந்தேகமா இருந்தா செல்லு ரெண்டு முனையிலயும் மீட்டரை வச்சு, காயில் இல்லாம ஒரு தடவை, காயிலை ஓடாம புடிச்சுக்கிட்டு ஒரு தடவை வோல்டேஜ் பாருங்க, எவ்ளோ எறங்குதுன்னு தெரியும். கரண்டோட கதை முழுக்க அந்த எறக்கத்துல இருக்கு.

20 சுத்து, ரெண்டே கால் ஆம்பியர், பெருக்கினா 45 ஆம்பியர் சுத்து. இதனால வளையத்து நடுவுல 2.3 மில்லிடெஸ்லா காந்தப்புலம் வருது (டெஸ்லாங்கறது காந்தப்புலத்தை அளக்குற அலகு), பூமியோட காந்தம் நம்ம கடலூர்ல 0.04 மில்லிடெஸ்லா கிட்டத்தட்ட, அப்ப இந்த பொடி வளையம் அதைவிட அம்பது மடங்குக்கு மேல! 1820ல ஓர்ஸ்டெட்னு ஒரு விஞ்ஞானி கரண்டு ஓடுற கம்பி பக்கத்துல காம்பஸ் முள்ளு அசையுறதைப் பாத்தாரே, அதே சமாச்சாரம்தான். கீழ இருக்குற ஸ்பீக்கர் காந்தம் வளையம் இருக்குற உயரத்துல 0.05 டெஸ்லா குடுக்குதுன்னு வச்சா முறுக்கு விசை ஒரு சென்டிமீட்டர் கைக்கு 11 கிராம் எடை தொங்குற மாதிரி. எனாமல் பூச்சு கரண்டை விடாது, அதனால கம்பி ஒரு முனையில அதை முழுசா சுரண்டணும், இன்னொரு முனையில பாதி பக்கம் மட்டும், இல்லன்னா முன்ன தள்ளி பின்ன இழுத்து அங்கயே நின்னு ஆடும். பாதி சுத்துக்கு கரண்டு கெடயாது, அந்த நேரம் வேகத்துலயே தாண்டிப் போகுது.

அப்ப 40 சுத்து சுத்தினா ரெண்டு மடங்கு பலமான்னு கேக்குறீங்க. கெடயாது. கம்பி நீளமாச்சு, தடை 0.32 ஆச்சு, கரண்டு 1.8க்கு எறங்கிடுச்சு, ஆம்பியர் சுத்து 73தான். சுத்தைக் கூட்டிக்கிட்டே போனாலும் இந்த செல்லுல ஆம்பியர் சுத்து 188ஐ தாண்டவே தாண்டாது, வெயிட்டு மட்டும் ஏறும். ஆத்துல போட்டாலும் அளந்து போடு.

இந்த இடத்துல ஒரு கதை சொல்லியே ஆகணும். 2011 டிசம்பர் 30 தானே புயல் யாருக்கும் மறந்திருக்காது, முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு, கிராமத்துல கரண்டு இல்லாம கெடந்தோமே. கரண்டு திரும்பி வந்ததும் வோல்டேஜ் ஏத்தம் எறக்கத்துல பம்புசெட்டு மோட்டார் எல்லாம் எரிய ஆரம்பிச்சுது. திருப்பாப்புலியூர்ல ஒரு ரீவைண்டிங் கடை, எரிஞ்ச மோட்டாருக்கு புதுசா காயில் கட்டுற கடை, நான் பேப்பர் படிக்க உக்கார்ற இடம், வாசல் முழுக்க மோட்டார் வரிசை. பண்ருட்டி பக்கத்துலேந்து ஒரு விவசாயி டாட்டா ஏஸ்ல மோட்டாரை எறக்குறாரு. "அண்ணே, வேற கடையில காயில் கட்டி ஒரு மாசம் ஆவல, கை வைக்க முடியாத சூடு. எலுமிச்சம்பழம் கட்டினேன், பூசணிக்கா சுத்தினேன், கொதிக்குது." கூட வந்த அவர் சம்சாரம், "பூசணிக்காயை கொழம்புக்காவது வச்சிருக்கலாம்"னாங்க. கடைக்காரர் ஒண்ணும் பேசல. மூடியைத் தெறந்தாரு, மோந்து பாத்தாரு, வார்னிஷ் கருகுன வாசம். ஒரு காயிலை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொரு சுத்தா பிரிச்சு எண்ண ஆரம்பிச்சாரு. நடுவுல டீ வந்துச்சு, போன் அடிச்சுது, எதுவும் எடுக்கல. எண்ணி முடிச்சு நிமிந்து, "62 சுத்து போடற எடத்துல 54 போட்டிருக்கான்யா"ன்னாரு. செம்புல மிச்சம் புடிச்சிருக்காங்க. சுத்து கொறஞ்சா இரும்புக்குள்ள காந்தப்புலம் அளவுக்கு மீறும், இரும்பு அதுக்கு மேல தாங்காது, சும்மா ஓடும்போதே கரண்டை இழுத்து இழுத்து சூடாகும். அந்த விவசாயி கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "அப்ப எலுமிச்சம்பழத்துக்கு பதிலா எட்டு சுத்து கட்டியிருந்தா போதுமாண்ணே?" (கைதட்டல்) அவர் சம்சாரம் மட்டும் சிரிக்காம, "எட்டு சுத்து செம்பு என்ன வெல?"ன்னு கேட்டாங்க. கணக்கு அந்த அம்மாவுக்குத்தான் புரிஞ்சுது.

அந்த கடைக்காரர் படிச்சது எட்டாவது. ஸ்க்ரூ கேஜை எடுத்தா நம்ம ப்ளஸ் டூ பசங்களைவிட வேகமா கம்பி கேஜ் சொல்லுவாரு. இந்த மாவட்டத்துல நெய்வேலியில 1962லேந்து கரண்டு எடுக்குறோம், அங்க சுத்துறதும் காந்தமும் காயிலும்தான், ஆனா பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்துல லேப் பீரோ சாவி யார்கிட்டன்னே தெரியல. என் கோரிக்கை ரொம்ப சின்னது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் வாரத்துக்கு ஒரு பீரியடு அந்த ஊர் ரீவைண்டிங் கடைக்காரரை கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொல்லணும், அவருக்கு மதிப்பூதியம் குடுக்கணும், பள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கணும். இதை திங்கக்கெழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனுவா குடுத்துட்டேன். பி.எட் இல்லாதவரு எப்படி வகுப்புக்குள்ள வரலாம்னு ஒருத்தர் கேட்டாரு. நான் கேட்டேன், உங்க வீட்டு மோட்டார் எரிஞ்சா பி.எட் முடிச்சவரைத்தான் கூப்பிடுவீங்களா சார்? கவுன்சிலர் அண்ணன் மனசு வச்சா இந்த பள்ளியிலயே ஆரம்பிக்கலாம், அண்ணன் தலையாட்டுறாரு, எல்லாரும் பாத்துக்குங்க.

தலைமை ஆசிரியை அம்மா சீட்டு குடுத்துட்டாங்க, அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு, அடுத்து பசங்க டான்ஸ் இருக்காம். எதிர் வோல்டேஜை அடுத்த தடவை பாத்துக்கலாம், இந்த பொடி மோட்டார்ல அது ரொம்ப கம்மி, அதனாலதான் செல்லு சீக்கிரம் சூடாகுது, இப்போதைக்கு அவ்ளோ போதும். பசங்களா, மேசை மேல இருக்குறதை தொட்டுப் பாருங்க, செல்லு கை சுட்டா ஊக்கைக் கழட்டிடுங்க. வாசல் பக்கம் நீல அட்டை நோட்டு வச்சிருக்கேன், கோரிக்கைக்கு கையெழுத்து போட்டுட்டு போங்க. பெத்தவங்க போன் நம்பரும் எழுதுங்க, கலெக்டர் ஆபீஸ்ல கேக்குறாங்க.