வாசலில் நிற்கிறவர் 'நோ-ஷோ'வா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியூரில் தங்க அறை பிடிப்பதற்கு நம்பகமானது முன்பதிவுத் தளமா, ஹோட்டலுக்கே நேராகப் போடும் போனா? இதுதான் தலைப்பு. போன்தான் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை நன்றாகக் கைதட்டல் வாங்கினார். எதற்கு வாங்கினார்? 'உலகமே விரல் நுனிக்கு வந்துவிட்டது, இந்த அணியினர் இன்னும் லாட்ஜ் கவுண்டரில் நின்று நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறார்கள்' என்று சொன்னதற்கு. தங்கச்சி, அந்தப் பேரத்துக்கு நான் கட்டாயம் வருவேன். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரு தடவை ராமேஸ்வரம் போய்விட்டு வந்துவிடலாம்.

தை அமாவாசை. சித்தப்பா, சித்தி, பாட்டி, பிள்ளைகள் என்று ஏழு பேராகக் கிளம்பினோம். ரயில் விடியற்காலையில் போய்ச் சேரும். சித்தப்பா மகன் விவரமான பையன், தளத்தில் அறை போட்டான். அங்கே செக்-இன் மதியம் 12 மணி என்று இருந்தது. விடியற்காலையில் இறங்கி மதியம் வரை பாட்டியை எங்கே உட்கார வைப்பது? அதனால் முதல் நாள் இரவுக்கும் சேர்த்தே பணம் கட்டினான். 'சிறப்புக் கோரிக்கை' என்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் 'விடியற்காலையில் வருவோம், அறையை வைத்திருங்கள்' என்று தட்டியும் விட்டான். பச்சை டிக் விழுந்தது. உறுதி செய்யப்பட்டது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

போய் இறங்கினோம். கவுண்டரில் மப்ளர் சுற்றிய மேனேஜர். நீளமான நோட்டு, நடுவில் நூல் கட்டிய பேனா. மொபைலைக் காட்டினோம். நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நேத்து ராத்திரிக்குப் போட்டிருக்கீங்க. பன்னெண்டு மணி வரைக்கும் யாரும் வரலை. அமாவாசைக் கூட்டம், ரூமை விட்டுட்டோம். விடியக்காலை வருவீங்கன்னு எங்களுக்கு எந்தத் தகவலும் வரலையே." பெட்டியில் தட்டினோமே, அது? அது பெட்டியிலேயே இருந்துவிட்டது ஐயா!

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டோம். தமிழுக்கு இதை அழுத்து, அறைக்கு அதை அழுத்து என்று எல்லாம் அழுத்திய பிறகு ஒரு தம்பி வந்தார். மரியாதையான பையன்.

"சார், எங்கள் சிஸ்டத்தில் நோ-ஷோ என்று வருகிறது."

"அப்படியென்றால்?"

"நீங்கள் ஹோட்டலுக்கு வரவில்லை என்று அர்த்தம் சார்."

"தம்பி, ஹோட்டல் வாசலில் நின்றுதான் பேசுகிறோம்."

"இல்லை சார், நீங்கள் வரவில்லை."

ஏழு பேர் நிற்கிறோம். பாட்டி பையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். வரவில்லையாம்! சித்தப்பா போனை வாங்கி மேனேஜர் கையில் கொடுத்தார். மேனேஜர் எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், ஏழு பேரும் நிக்கிறாங்க" என்று சாட்சி சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில்? "அப்படியென்றால் அதை சிஸ்டத்தில் அப்டேட் பண்ணுங்கள்." மேனேஜர் சொன்னார்: "எங்கிட்ட நோட்டுதான் தம்பி இருக்கு. சிஸ்டம் ஓனர் மகன்கிட்ட இருக்கு. அவர் மதுரையில தூங்கிட்டு இருப்பார்."

நடுவர் ஐயா, கவனியுங்கள். அறை இருப்பது ராமேஸ்வரத்தில். சிஸ்டம் மதுரையில். பணம் வேறு ஏதோ ஒரு ஊரில். பாட்டி வாசலில்!

சரி, பணத்தையாவது கொடுங்கள் என்றோம். ஹோட்டல் சம்மதித்தால் தருவோம் என்றது தளம். பணமே எங்கள் கைக்கு வரவில்லை, நாங்கள் எதற்குச் சம்மதிப்பது என்றது ஹோட்டல். பந்தியில் சாம்பார் வாளிக்காரர் ரசக்காரரைக் கைகாட்ட, ரசக்காரர் சாம்பார்க்காரரைக் கைகாட்ட, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கதை. கடைசியில் அக்னி தீர்த்தக் கரையில் பைகளைக் குவித்து, அதற்கு ஒருவரைக் காவல் வைத்து, மற்றவர்கள் முறை வைத்துக் குளித்தோம். கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத் துணியோடு பாட்டி நின்ற நேரத்தில், சித்தப்பா போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் தங்கல் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடுங்கள்.' வாசலில் நின்றபோது நாங்கள் வரவில்லையாம். நட்சத்திரம் கேட்கும்போது மட்டும் வந்துவிட்டோமாம்!

ஒரு போன் போட்டிருந்தால்? ராமேஸ்வரத்தில் பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. விடியற்காலை 5 மணிக்கு நுழைந்தால் மறுநாள் 5 மணி வரை உங்கள் அறை. யாத்திரை ஊர்க்காரர்களுக்கு ரயில் நேரம் தெரியும், அமாவாசை தெரியும். "விடியக்காலை வண்டியிலதானே வர்றீங்க? வாங்க" என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

இப்போது பேரத்துக்கு வருகிறேன் தங்கச்சி. நாங்கள் பேரம் பேசுவது உங்களுக்குக் கேலியாக இருக்கிறது. ஹோட்டல்காரர் நமக்கு விலை குறைத்துக் கொடுக்கவே கூடாது என்று ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா? வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டது. மேக்மைட்ரிப், கோஐபிபோ என்ற முன்பதிவுத் தளங்களை நடத்தும் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம். ஓயோ ஹோட்டல் நிறுவனத்துக்கு 168.88 கோடி. ஆணையம் சுட்டிக்காட்டிய குற்றங்களில் ஒன்று என்ன? தங்கள் தளத்தில் இருக்கும் விலையைவிடக் குறைவாக, ஹோட்டல் தன் சொந்த இணையதளத்தில்கூட அறையை விற்கக் கூடாது என்று மேக்மைட்ரிப் குழுமம் கட்டிப்போட்டது. அறை கட்டியவர் அவர், துணி துவைத்துப் போடுகிறவர் அவர், விலை சொல்லும் உரிமை மட்டும் இன்னொருவருக்கு! ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2024 ஜூலையில் ஸ்பெயின் நாட்டுப் போட்டி ஆணையம் புக்கிங்.காம் என்ற முன்பதிவுத் தள நிறுவனத்துக்கு 41.3 கோடி யூரோ அபராதம் போட்டது. இவ்வளவு பெரிய கட்டுக்காவலுக்கு நடுவில் ஒரு சாதாரண மனிதன் கவுண்டரில் நின்று, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று கேட்கிறான். அது அல்பத்தனமா? அவன் உரிமை அம்மா அது!

தளம் எடுக்கும் கமிஷன் பொதுவாக அறை வாடகையில் 15 சதவீதத்துக்குக் குறையாது, பல இடங்களில் அதற்கும் மேலே. நேராகப் பேசினால் அதில் ஒரு பங்கையாவது விட்டுக்கொடுக்க முதலாளிக்கு மனம் வரும். காலை டிபனாவது சேர்ப்பார்.

வாடிக்கையாளரை அவசரப்படுத்துவது யார் என்றும் பாருங்கள். 'இந்த விலையில் ஒரே ஓர் அறைதான் பாக்கி', 'இப்போது இத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுவது யார்? 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை இணைய ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய்யாக அவசரம் காட்டுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது ஒன்று. முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் அதை ஏற்றுவது ஒன்று. இதில் எல்லாம் மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள். ரிவ்யூ பார்க்கத் தளம் வேண்டாமா என்று தங்கை கேட்டார். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். பார்த்துவிட்டு ஹோட்டலுக்குப் போன் போடுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள்.

இந்த நாட்டில் அறை எடுப்பவர்கள் எல்லோரும் சுற்றுலா போகிறவர்கள் இல்லை. வேலூருக்குப் போய்ப் பாருங்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கும். வங்காளத்திலிருந்து, ஜார்கண்டிலிருந்து, அசாமிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை நாள் தங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. செக்-இன், செக்-அவுட் இரண்டு தேதியையும் கொடு என்கிறது தளம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கணவருக்கு வைத்தியம் பார்க்க வேலூர் போனார். தளத்தில் மூன்று நாளைக்கு அறை, பணம் திரும்ப வராது என்ற சலுகை விலையில். முதல் நாளே கணவரை அட்மிட் செய்துவிட்டார்கள். தேதியை மாற்றிக் கொடுங்கள் என்று அக்கா கெஞ்சினார். விதியில் இடமில்லை என்றார்கள். அறை பூட்டிக் கிடந்தது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தார்.

அடுத்த தடவை அங்கேயே ஒரு சின்ன லாட்ஜுக்குப் போன் போட்டார். எடுத்த மேனேஜர் தேதி கேட்கவில்லை ஐயா. "யாருக்கும்மா உடம்பு சரியில்ல? படி ஏறுவாரா?" என்று கேட்டார். தரைத்தளத்தில் அறை கொடுத்தார். கஞ்சி வைக்க அடுப்பு கொடுத்தார். "கணக்கைப் போகும்போது பார்த்துக்கலாம்" என்றார். அக்காவின் கணவர் இப்போது இல்லை. அக்கா கணக்குத் தீர்க்கப் போனபோது, கடைசி நாள் வாடகையை அந்த மேனேஜர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"படி ஏறுவாரா?" என்று கேட்கிற ஒரு பட்டனை எதிரணி எனக்குக் காட்டட்டும். இந்த மைக்கை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில் நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.