மாலை ஆறு மணிக்கு ஒரு தடுப்பூசி மேசை

வேறு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓடிவந்திருக்கும் மண்டலக் குழுத் தலைவர் அவர்களே, மேடைச் செலவை ஏற்ற வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, சீருடை இல்லாமல் வந்திருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே (அதற்குத் தனி நன்றி ஐயா, பின்வரிசைத் தம்பிகள் இன்னும் எழுந்து ஓடவில்லை), செவிலியர் சகோதரிகளே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைகளிலேயே பாதி நேரம் போய்விட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று ஜூலை 28. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் பிறந்த நாள். உலகமே இந்த நோயைப் பற்றிப் பேசும் நாளில், போதை ஊசி போடுகிறவர்களுக்குத் தடுப்பூசி எதற்கு என்று நான்கு காரணம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

முதல் காரணம் ரத்தம். வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் நம் தெருக்கள் வரை வந்துவிட்டது. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி. வரும் என்று பயப்படுகிறோம். ஹெபடைட்டிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். உடலுக்கு வெளியே ஏழு நாளாவது தாங்கும். கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். எச்.ஐ.வி.க்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கும் தடுப்பூசி கிடையாது. பி-க்கு இருக்கிறது, 1997 முதல் பக்கத்து ஹைதராபாத்திலேயே மலிவாகத் தயாராகிறது. குழந்தைகளுக்கு நாடு முழுக்கப் போடத் தொடங்கியது 2011இல்தான். அதற்கு முன் பிறந்த தம்பிகளில் பலர் விட்டுப்போனவர்கள். வயிறு வீங்கிக் கண் மஞ்சளான பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

எனக்குத் தெரிந்த ஒரு பையன். மீன் ஏற்றும் வேலை, இரவெல்லாம் விழிப்பு. நான் நச்சரித்ததால் ஒருநாள் தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போனான். எந்த சுகாதார நிலையம் என்பது வேண்டாம். போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. சீட்டு முடிந்தது என்றார்கள். மறுநாள் விடிந்ததும் தூங்காமல் அப்படியே போனான். ஆதார் எங்கே என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்தான். எதற்கு இந்த ஊசி என்று வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னால் கேட்டார்கள். சொன்னான். அப்புறம் வந்தது பாருங்கள், "பெரியவங்களுக்குப் போடுறது செவ்வாய்க்கிழமைதான்." பையன் பொறுமையாகச் சொன்னானாம், "அக்கா, போட ஆள் இல்லேன்னா மருந்தை மட்டும் குடுங்க, நானே போட்டுக்குறேன். பழக்கம்தான்." செவிலியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இது நரம்புல போடுறது இல்லடா, தோள் சதையில போடுறது. கைய நீட்டு" என்று போட்டுவிட்டார்! அந்தச் சகோதரிக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு.

ஆனால் ஒரு சகோதரியின் நல்ல மனதை நம்பி ஊரை விட முடியுமா? எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வாரத்தில் இரண்டு நாள், மாலை ஆறு மணிக்கு மேல், மீன் அங்காடிப் பக்கம் ஒரு மேசை, குளிர்பெட்டி, ஒரு செவிலியர். ஆதார் கேட்கக் கூடாது. வழக்கமான மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகும், இவர்கள் எங்கே இருப்பார்களோ. அதற்கும் வழி உண்டு. இன்று ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, இருபத்தோராம் நாள் ஒன்று, ஓராண்டில் இன்னொன்று. இந்த வேக முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2012லேயே இவர்களுக்குப் பரிந்துரைத்தது. 2017இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஹெபடைட்டிஸ் ஏ என்ற இன்னொரு கல்லீரல் நோய் பரவி, வீடற்றவர்களும் போதைப் பழக்கம் உள்ளவர்களும் அதிகம் சிக்கினார்கள். அந்த அலையில் 20 பேர் செத்தார்கள். அங்கே செவிலியர்கள் தெருத்தெருவாக நடந்து ஊசி போட்டார்கள். அதுவும் சாவு விழுந்த பிறகுதான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் அமெரிக்காவிலும் உண்டு.

"இவனுக்கு எதுக்கு அரசாங்கக் காசு?" என்று முணுமுணுப்பவர்களே, அவனுக்கு மனைவி இருக்கிறாள், பிறக்கப்போகும் பிள்ளை இருக்கிறது. கிருமி அவர்களுக்கும் போகும். இது இரண்டாவது காரணம். மூன்றாவது, ஊசி போட்ட இடத்துப் புண்ணும் டெட்டனஸும்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்றவற்றை விட்டுவிடுகிறேன்.

மனு, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மண்டலக் குழுத் தலைவர் கிளம்பும் முன் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து ஆய்வாளர் பேசுவார். மேசை போட்டால் அதன் பக்கத்தில் யாரையும் பிடிக்க மாட்டோம் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். ஐயா, ஒலிபெருக்கி உங்களுக்கு.