அந்த 300 வெள்ளி

நடுவர் ஐயா அவர்களே, சுங்கை சிப்புட் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்! நல்லாசிரியரைப் பள்ளியில் நிலைக்க வைப்பது சம்பளமா, சேவை மனமா? சம்பளமே என்று பேச வந்திருக்கிறேன்.

‘காசு பார்க்கிறவர் வாத்தியாரே இல்லை’ என்றார் எதிரணித் தலைவர். கைதட்டினீர்கள். ஐயா, காசு பார்க்காத பள்ளிகளை அன்றைய மலாயா ரப்பர்த் தோட்டங்களில் நம் தாத்தாமார் பார்த்துவிட்டார்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது, வாத்தியாருக்குச் செலவழிக்கத் துரைமாருக்கு மனம் வரவில்லை. பல தோட்டங்களில் வேலையாட்களைக் கண்காணிக்கும் கங்காணியும் கணக்கெழுதும் கிராணியும்தான் தங்கள் வேலைக்கு நடுவே பாடம் சொன்னார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் எங்கே போனார்கள்? பால்மரத்துக்கே போனார்கள்.

இன்று மலேசியாவில் அரசாங்க ஆசிரியருக்குப் பரவாயில்லை. 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு என்று சம்பள உயர்வு கிடைத்தது. தனியார் பாலர் பள்ளி டீச்சருக்கு அது இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்ற சட்டம் மட்டுமே அவருக்குத் துணை.

என் மகள் படித்த பாலர் பள்ளியைச் சொல்கிறேன். அவளுக்கு ‘ழ’ வராது, ‘பளம்’ என்பாள். அந்த டீச்சர் குனிந்து, தன் வாயைத் திறந்து, நாக்கு எப்படி மடிகிறது என்று காட்டுவார். ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு பிள்ளைக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்து ‘அப்பா, வாழைப்பழம்!’ என்றாள். அடுத்த மாதம் டீச்சர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். ஓவர்டைம் சேர்த்தால் வீட்டு வாடகை கட்டலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு டீச்சர்கள் வந்து போனார்கள்.

சம்பளத்தைக் கூட்டினால் எல்லாரும் நல்லாசிரியர் ஆகிவிடுவார்களா என்று கேட்பீர்கள். ஆக மாட்டார்கள். நல்லாசிரியராகவே இருந்தவரை இழந்தோமே, அதைத்தான் கேட்கிறேன்.

போவதற்கு முன் அவர் கேட்டது மாதம் 300 வெள்ளி கூடுதல். வகுப்பில் 25 பிள்ளைகள். தலைக்கு 12 வெள்ளி. பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தை உயர்த்தலாமா என்று கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. நானும் கை தூக்கவில்லை, நடுவர் அவர்களே. கடைசி நாளன்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார் அந்த டீச்சர். அவருக்குச் சேவை மனம் இல்லை என்று எதிரணி சொல்லட்டும்!