தரவரிசையும் நம் வீட்டுச் சாப்பாடும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஆட்சியின் தரத்தை எண்களால் அளந்து மாநிலங்களை வரிசைப்படுத்தும் வழக்கம் நம் நாட்டில் சில ஆண்டுகளாக வலுப்பெற்று வருகிறது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, நல்லாட்சி நாளையொட்டி மத்திய அரசு வெளியிட்ட முதல் நல்லாட்சிக் குறியீட்டில் பெரிய மாநிலங்களுள் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. அதே ஆண்டு ஜூன் 7, உலக உணவுப் பாதுகாப்பு நாளில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீடு என்ற வேறொரு பட்டியலைத் தொடங்கியது. 2021-22க்கான அந்தப் பட்டியலில் பெரிய மாநிலங்களுள் தமிழ்நாடு முதலிடம். அடுத்த ஆண்டு கேரளம் முதலிடத்துக்கு வந்தது. நாம் மூன்றாம் இடத்துக்கு இறங்கினோம். அதற்கடுத்த ஆண்டிலும் கேரளமே முதலிடம், நாம் இரண்டாமிடம்.

குமரி மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறம் இருப்பவர் உண்பதும் அப்புறம் இருப்பவர் உண்பதும் ஏறத்தாழ ஒன்றே: அதே புட்டும் பயறும், அதே மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும், அதே சம்பா அரிசிச் சோறும் அவியலும், இப்போது இரவானால் அதே பரோட்டா. கறிக்குப் போடும் தேங்காய் எண்ணெயும் ஒன்று, டாக்டரிடம் போய்ச் சொல்லும் சர்க்கரை, இரத்த அழுத்தக் கதையும் ஒன்று. ஆனால் குறியீட்டுப் பட்டியலில் அவர்களும் நாமும் ஆண்டுக்கு ஆண்டு மேலும் கீழுமாக இடம் மாறிக்கொள்கிறோம். அப்படியென்றால் அந்தக் குறியீடு அளப்பது எதை? பொது நிர்வாகப் பாடத்தைப் பல ஆண்டுகள் கல்லூரியில் நடத்தியவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீடு முதலில் ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் இட்டது. போதிய அலுவலர்கள் இருக்கிறார்களா, உரிமம் வழங்குவதும் ஆய்வு செய்வதும் வழக்குத் தொடர்வதும் முறையாக நடக்கின்றனவா, பரிசோதனைக் கூடங்கள் எந்த நிலையில் உள்ளன, பயிற்சி கொடுக்கப்படுகிறதா, நுகர்வோரிடம் விழிப்புணர்வு வளர்க்கப்படுகிறதா என்பவை அவை. பின்னர் முந்தைய ஆண்டைவிட முன்னேற்றம் உண்டா என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அலுவலரே இல்லாத ஊரில் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை அனைத்தும் துறை என்ன செய்தது என்பதன் கணக்கு. மக்கள் என்ன உண்டார்கள், அதனால் அவர்கள் உடலில் என்ன மாறியது என்பது இந்தக் கணக்கில் வராது. நல்லாட்சிக் குறியீட்டின் பொது சுகாதாரப் பிரிவை எடுத்துப் பார்த்தாலும் தாய் இறப்பு, சிசு இறப்பு, தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை இருக்கின்றன, சாப்பாடு இல்லை.

இல்லாமல் போவதற்கு அது சிறிய காரியமா என்றால், அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். போதாமையும் மிகையும் ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. நல்லாட்சியில் முதலிடம் பெற்ற மாநிலத்தின் நிலை இது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை உணராமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் உணவுத் துறை அலுவலர் என்றாலே பாலில் தண்ணீரையும் மிளகாய்த்தூளில் செங்கல்பொடியையும் தேடுகிறவர் என்றுதான் பொருள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிறகு பார்வை விரிந்தது. 2018இல் ஈட் ரைட் இந்தியா இயக்கம் தொடங்கியபோது, உணவு பாதுகாப்பாக இருந்தால் போதாது, உடலுக்கும் நிலத்துக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்று அரசே சொல்லத் தொடங்கியது. உப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகிய மூன்றையும் இன்றிலிருந்து கொஞ்சம் குறைப்போம் என்பது அதன் முழக்கம். முழக்கங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அந்த இயக்கத்தின் காலத்திலேயே வந்த ஒரு விதியை நான் அதிகம் மதிக்கிறேன். எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பின் உச்ச அளவு 2021 ஜனவரியில் 3 விழுக்காடாகவும், 2022 ஜனவரியில் 2 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. மாலையில் பேக்கரிக்குப் போய் ஒரு பப்ஸும் தேநீரும் சாப்பிடுகிறவருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது. தெரியாமலேயே அவர் உண்பதில் நஞ்சு குறைவதற்கு அது வழி செய்தது.

இன்னொரு விதியின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் கடையொன்றில் இந்தச் சோதனை நடந்ததை அருகில் நின்று பார்த்தேன். வெப்பமானி போன்ற நீண்ட கம்பியுடைய கருவியைக் கொதிக்கும் சட்டிக்குள் விட்டு அலுவலர் மெல்ல அசைத்தார். சில வினாடிகளில் கருவியின் சிறிய திரையில் எண் ஏறி ஏறி 21இல் நின்றது. தேறியது என்றாலும் இன்னும் இரண்டொரு முறை வறுத்தால் எல்லையைத் தொட்டுவிடும் என்று அவர் எச்சரித்தார். கடைக்காரர் வாதாடவில்லை. “சாரே, மாத்தச் சொன்னா மாத்துறேன். இந்த எண்ணெயை ஓடையில ஊத்திக் களையவா முடியும்? யாரு வந்து எடுப்பா, அதைச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயமானது. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் ரூகோ திட்டம் 2018 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஆனால் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் நிறுவனங்கள்தாம் அதற்குக் கணக்கு வைத்திருக்கவேண்டும் என்பது விதி. சாலையோரத்தில் ஒற்றைச் சட்டியில் ரசவடையும் பழம்பொரியும் போடுகிறவர் ஐம்பது லிட்டரை எங்கே காண்பார்? பெரிய கடை கழித்த எண்ணெய் மலிவு விலையில் வந்து சேரக்கூடிய இடமும் அந்தச் சட்டிதான். எத்தனை கடைகளில் கருவியை விட்டுப் பார்த்தோம் என்பது துறையின் ஏட்டில் ஏறிவிடும். இந்த மாவட்டத்துக்குள் வந்த எண்ணெய் எவ்வளவு, அதில் சேகரிப்பவர் கைக்குத் திரும்பியது எவ்வளவு என்று இரண்டு எண்களை அருகருகே எழுதினால்தான் திட்டம் வென்றதா இல்லையா என்பது தெரியும்.

பள்ளிச் சாப்பாட்டுக்கு வருவோம். இதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் தொடங்கியதை, பின்னாளில் நம் நாகர்கோவில் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த காமராசர் மாநிலம் முழுவதற்கும் விரித்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார்; பின்னர் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டு 25 முதல் 31,000க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். எப்போது அடுப்பு பற்றவைத்தார்கள், எப்போது பரிமாறினார்கள் என்பதைச் செல்பேசிச் செயலியில் பதிகிறார்கள். இந்தக் கண்காணிப்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே வார்ப்பாக அமைந்த பட்டியல் குமரிக் குழந்தையின் காலை நேரத்தோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. இங்கே காலை என்றால் புட்டும் பயறும், அல்லது புட்டும் பழமும். சாம்பாரோடு வரும் ரவை உப்புமாவைவிடச் சிறுபயறு சேர்ந்த புட்டில் புரதம் கூடுதலாகவே இருக்கும். நம் மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி நாளிதழ்களில் படித்துப் பெருமைப்பட்டோம். பல்லில்லாத குழந்தைக்கு முதன்முதலில் மசித்து ஊட்டும் அந்தப் பழம், வாரத்தில் இரண்டு நாள் பள்ளித் தட்டில் விழுந்தால் குழந்தைக்கும் நல்லது, திருவட்டாறு, விளவங்கோடு பக்கத்து வாழை விவசாயிக்கும் நல்லது. உள்ளூரில் விளைவதைச் சேர்க்கும் அதிகாரத்தை மாவட்ட அளவில் கொடுப்பதும் நல்லாட்சியின் அளவுகோல்களில் ஒன்றாக இருக்கலாமே.

ஒரு கையால் கொடுப்பதை மறு கை அறியாத நிலையும் உண்டு. சுகாதாரத் துறை சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்கிறது. நியாயவிலைக் கடை மாதந்தோறும் சர்க்கரையும், 2007 முதல் மலிவு விலையில் பாமாயிலும் கொடுக்கிறது. பருப்பும் கொடுக்கிறது என்பதை மறக்கவில்லை. ஏழை வீட்டில் அந்தத் துவரம்பருப்பின் மதிப்பு பெரிது. நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க 2023இல் ஏற்பாடு செய்தார்கள். குமரிக்கு அதுபோல எது பொருந்தும் என்பதை யாராவது இங்கே வந்து கேட்டால் சொல்வதற்கு ஆளிருக்கிறது: கருப்பட்டி, பயறு, சம்பா அரிசி.

அரசு நினைத்தால் மக்களின் உணவை மாற்ற முடியுமா என்று ஐயப்படுவோருக்கு நம் மரச்சீனியே விடை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் முனைந்து பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளைப் பட்டினியிலிருந்து காத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்று சாளைமீன் கறி இல்லாமல் கிழங்கை மட்டும் வயிறு நிறைய உண்டால் சர்க்கரைதான் கூடும், அது வேறு.

ஒரு மாவட்டம் தன் உணவை எப்படி அளந்து மாற்றலாம் என்பதற்கு ஃபின்லாந்து நாட்டின் வடகரேலியா மாகாணத்தை எடுத்துக்கொள்கிறேன். உலகிலேயே இதய நோயால் ஆண்கள் மிகுதியாக இறந்த பகுதிகளுள் அது ஒன்று. 1971இல் அங்குள்ள மக்கள் பிரதிநிதிகளே ஏதாவது செய்யுங்கள் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். 1972இல் திட்டம் தொடங்கியது. அங்கிருந்தவர்கள் மொத்தம் 1,80,000 பேர்தான். 2011 கணக்கெடுப்பில் 18,70,000 பேர் இருந்த நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. பால் பண்ணைகளோடும் இறைச்சி ஆலைகளோடும் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்க வைத்தார்கள். வெண்ணெய் விற்றுப் பிழைத்த விவசாயிகளுக்கு மாற்றாகப் பழச் சாகுபடிக்கு வழிசெய்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களின் இரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் அளந்து, பக்கத்து மாகாணத்தோடு ஒப்பிட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அவர்கள் எண்ணியது கூட்டங்களையும் துண்டறிக்கைகளையும் அல்ல.

நமக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள ஏட்டில் இன்னும் ஒரு கேள்வி சேரட்டும்: இந்த வீட்டில் மாதம் எத்தனை உப்புப் பாக்கெட் வாங்குகிறீர்கள்? ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடியுமுன் தீர்ந்துபோகிற வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பஞ்சாயத்துவாரியாக ஒரு படம் கிடைக்கும். கருவாடும் ஊறுகாயும் பப்படமும் அந்தக் கணக்குக்குள் வராது. கடலோர ஊர்களில் அவற்றைத் தனியாகவே கேட்கவேண்டும். ஆய்வகத் துல்லியம் இதில் இல்லை. ஆனால் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரே ஊரை அதனோடு ஒப்பிட இது போதும். கேரளத்தோடு நாம் ஓட வேண்டிய பந்தயம் ஒன்றுமில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சி நாள். 1956இல் நாம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே என்பதால் இங்கே அன்று கூட்டத்துக்கு ஆள் வருவார்கள். வழக்கமாகச் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று மனுக்கள் போகும். இந்த முறை உங்கள் ஊர்ப் பள்ளியின் காலை உணவில் பயறும் பழமும் எத்தனை நாள் இருந்தன, ஊரில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குவோர் கடந்த ஆண்டு எத்தனை பேர், இந்த ஆண்டு எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் உடனே கிடைக்காது. கேட்டதையும் பதிலில்லை என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதைப் படித்தாக வேண்டும்.

வணக்கம்.